காதுக்கு ஊற்றும் மருந்தை எவன் திருடுவான்?

டாக்டர் நரசிம்மனின் கிளினிக்கில், லண்டன் பேச்சில் சேர்ஜரியில், மருந்து களவு போகிறது என்ற செய்தி ஃபாரஸ்ட் கேட் முழுக்கப் பரவ ஒரு காலைப்பொழுது போதுமாக இருந்தது. களவெடுப்பது ஒரு பெண் என்பது மத்தியானத்துக்குள் சேர்ந்துகொண்டது. பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம் விடுவதற்கு முன்பே பெயரும் வந்துவிட்டது. சந்திரவதனா. இந்தப் பக்கத்தில் தபால் மட்டும்தான் பிந்தி வரும்.

சந்திரவதனா சேர்ஜரியின் வரவேற்பு ஜன்னலுக்குப் பின்னால் இருப்பவள். மாதாமாதம் ஒரே மருந்தை எடுப்பவர்கள் ஒவ்வொரு முறையும் டாக்டரின் முகத்தைப் பார்க்கத் தேவையில்லை. பச்சை மருந்துச் சீட்டின் ஓரத்தில் அவரவர் மருந்துகளின் பெயர்கள் அச்சாகியிருக்கும். அந்தத் துண்டைக் கிழித்து, வேண்டியதற்கு நேரே சரி போட்டு, வாசல் பெட்டிக்குள் போட்டால் இரண்டு நாளில் புதுச் சீட்டு தயார். பெட்டியைத் திறப்பது சந்திரவதனா. கம்ப்யூட்டரில் தட்டுவது சந்திரவதனா. கையெழுத்துக்கு அடுக்கி வைப்பதும் அவளே. டாக்டரின் வேலை பேனாவைத் திறப்பதோடு தொடங்கி மூடுவதோடு முடிந்துவிடும்.

1993ஆம் ஆண்டு மாசி மாதம் சுகாதாரத் துறையிலிருந்து கோட்டுப் போட்ட ஒருவர் வந்து டாக்டரின் எதிரே உட்கார்ந்தார். "உங்கள் நோயாளிகள் அரசாங்கச் செலவில் அக்கம்பக்கத்தவர்களைவிட இரண்டு மடங்கு மருந்து வாங்குகிறார்கள். இரண்டு மடங்கு சுகமாக இருப்பதாகத் தெரியவில்லை" என்றார். மருந்து எங்கே போகிறது என்று வெள்ளிக்கிழமைக்குள் அவருக்குத் தெரிய வேண்டும். டாக்டர் அந்தக் கேள்வியை அப்படியே தூக்கிச் சந்திரவதனாவின் தலையில் வைத்தார். விடை கிடைக்காவிட்டால் வெள்ளிக்கிழமையோடு அவள் வீட்டுக்குப் போகலாம். களவு என்ற பெயரோடு போகிறவளை லண்டனில் வேறு எந்த ஜன்னலுக்குப் பின்னாலும் உட்கார வைக்க மாட்டார்கள். அவள் சம்பளத்தில்தான் அவளும் ஆஸ்துமாக்கார மகளும் சாப்பிடுகிறார்கள் என்பதும் தெருவுக்குத் தெரியும். தெரிந்துதான் பேசினார்கள்.

டாக்டர் துப்பறியக் கூப்பிட்ட ஆள் ரங்கராஜன். மெட்ராஸிலும் பிறகு லண்டனிலும் இன்சூரன்ஸ் கம்பனிக்காக எரிந்த கடைகளை முகர்ந்து பார்த்து, "இது தானா எரியலை" என்று சொல்லியே தலை நரைத்தவர். இப்போது ஒரு சேலைக்கடையின் மாடியில் சொந்த அலுவலகம். அவருக்கு உதவியாள் செல்வமலர். கொக்குவிலில் பிறந்தவள், மினிகேப் என்ற வாடகைக் கார் ஓட்டுபவள். காருக்குப் பிரேக் உண்டு. வாய்க்கு இல்லை.

வியாழக்கிழமை பத்து மணி போல, இருவரும் மருந்துக்கடைக்கு எதிரே காரை நிறுத்திக்கொண்டு இருந்தார்கள்.

"சனம் என்ன கதைக்குது எண்டு தெரியுமோ சேர்?" என்றாள் செல்வமலர். "சந்திரா மருந்தை எடுத்து ஹவுன்ஸ்லோவில ஆரிட்டையோ குடுக்கிறாவாம். அவை ஹீத்ரோவில பிளேன் ஏறுற ஆக்களின்ர பெட்டிக்குள்ள வைக்கினமாம். கொழும்பு போய், அங்கயிருந்து யாழ்ப்பாணமாம். அங்க சண்டை, இப்ப ஒரு காய்ச்சல் குளிசைக்கும் தடை."

"பார்த்தவங்க இருக்காங்களா?"

"ஓம். அவ பார்சல் குடுத்ததைப் பாத்த ஆள் இருக்கு."

"யாரு?"

"நான்தான். நான்தானே அவவை ஏத்திக்கொண்டு போனனான். பார்சலுக்குள்ள அவவின்ர தமக்கையின்ர பிள்ளையளுக்குச் சப்பாத்து. ஒண்டு பெரிசாப் போச்செண்டு பிறகு கடிதம் வந்தது."

"இதைத் தெருவுல சொன்னீங்களா?"

"சொன்னனான். சப்பாத்துக் கதையை ஆர் சேர் கேப்பினம்?"

ரங்கராஜனின் கண் மருந்துக்கடை வாசலில் இருந்தது. இந்த சேர்ஜரியில் எல்லாரையும்விட அதிகமாக மருந்து எடுப்பவர் யார் என்று அவர் டாக்டரிடம் கேட்டிருந்தார். டாக்டர் யோசிக்காமலே ஒரு பெயரைச் சொன்னார். சவிரிமுத்து. மகள் பியற்றிஸோடு அடுத்த தெருவில் இருப்பவர். "பிரஷர் சார். நான் தடவை தடவையா டோஸ் ஏத்திட்டேன். இறங்கவே மாட்டேங்குது. நேத்து இருக்கிறதிலேயே பெரிய டோஸை எழுதிக் கொடுத்து, ஒழுங்கா சாப்பிடுங்கன்னு சத்தமும் போட்டேன்."

அந்தச் சவிரிமுத்தர்தான் இப்போது கடையிலிருந்து வெளியே வந்தார். தொப்பி, மப்ளர், முழங்கால்வரை கோட்டு. கையில் குழந்தைப்பிள்ளையைத் தூக்குவதுபோல ஒரு பெரிய கடதாசிப் பை.

"கூட்டாளி இவர்தான்" என்றாள் செல்வமலர். "அவ எழுதுவா, இவர் எடுப்பார். முகத்தைப் பாருங்கோ, கோயில் கணக்குப்பிள்ளை மாதிரி. இப்பிடியான விசர்க் கிழவனைத்தான் நம்பக்கூடாது."

"மெதுவா பின்னாடி போங்க."

கார் நடக்கும் வேகத்தில் அவர் பின்னால் போனது. ரங்கராஜனுக்கு முதல் சந்தேகம் அங்கேயே வந்தது. கள்ளச் சாமான் கொண்டுபோகிறவன் தெருவின் நடுப்பக்கமாக நடக்க மாட்டான். கிழவர் வழியில் கண்டவருக்கெல்லாம் தொப்பியைத் தொட்டு வணக்கம் வைத்தார். ஒரு வீட்டு மதிலில் பையை வைத்துவிட்டு மூக்குத் துடைத்தார். எந்தக் கடைக்குள்ளும் நுழையவில்லை. எவரிடமும் எதையும் கொடுக்கவில்லை.

காலையில் பெய்த மழையில் மதில் நனைந்திருந்தது. பையின் அடி ஊறிப்போய், திருப்பத்தில் கிழிந்தது. பெட்டிகள் நடைபாதை முழுக்கச் சிதறின. ஒரு சின்னப் போத்தல் உருண்டு வந்து காரின் சக்கரத்தில் முட்டி நின்றது.

ரங்கராஜன் இறங்கி அதை எடுத்தார். பிரஷர் மாத்திரை, வலி மாத்திரை, இருமல் மருந்து, களிம்பு என்று ஒவ்வொன்றையும் பொறுக்கிக் கொடுத்துவிட்டுப் போத்தலைக் கடைசியாக நீட்டினார். காதுக்குள் ஊற்றும் சொட்டு மருந்து.

"காதுல ஏதாவது தொந்தரவுங்களா ஐயா?" என்றார் மெல்ல. வேண்டுமென்றே மெல்ல.

"ஒண்டுமில்லை. நல்லாக் கேக்கும்." சவிரிமுத்தர் செல்வமலரைத் திரும்பிப் பார்த்தார். "மருந்துக்கடைக்கு முன்னால என்னை விசர்க் கிழவன் எண்டது இந்தப் பிள்ளைதானே. கார்க் கண்ணாடியை ஏத்திப்போட்டுக் கதைக்கவேணும்."

செல்வமலர் வாழ்க்கையில் முதல் தடவையாகப் பதில் இல்லாமல் நின்றாள். அதை நேரில் காணக் கொடுத்துவைக்கவில்லை என்று தெருவில் இன்றும் வருத்தப்படுபவர்கள் உண்டு.

"தப்பா நினைச்சுக்காதீங்க. நான் இன்சூரன்ஸ்ல இருந்தவன்" என்றார் ரங்கராஜன். சொன்னதில் பொய் இல்லை. "பையைப் பிடிச்சுக்கிட்டு வீடு வரைக்கும் வர்றோமே."

"வாரும். பிள்ளையும் வரட்டும். ஏசினதுக்குத் தேத்தண்ணி தராமல் விடேலாது."

கிழவர் முன்னே நடந்தார். பெட்டிகளைச் சேலைக்குள் அள்ளிக்கொண்டு வந்த செல்வமலர் குரலைப் பாதியாக்கினாள். "என்ன சேர் யோசிக்கிறியள்?"

"வலி மாத்திரையைத் திருடலாம், விலை போகும். யாழ்ப்பாணத்துக்கு அனுப்பலாம், உயிர் பிழைக்கும். நல்லாக் காது கேக்கிற மனுஷன் மாசாமாசம் காதுக்கு மருந்து வாங்குறான்னா அது விக்கிறதுக்கு இல்லை. காதுக்கு ஊத்துற மருந்தை எவன் திருடுவான்?"

பியற்றிஸ் வேலைக்குப் போயிருந்தாள். சவிரிமுத்தர் பால் விடாத பிளேன்ரீ ஊற்றிக் கொடுத்தார். ஊரில் யாழ்ப்பாண ரயில் நிலையத்தில் சரக்குக் கிளார்க்காக இருந்தாராம். சண்டையில் வண்டி ஓடாமல் போனபிறகும் கொஞ்சக் காலம் கையெழுத்துப் போடப் போய்வந்தாராம். சொல்லிவிட்டுத் தானே சிரித்தார்.

"மருந்தை எங்க வைக்கணும்?" என்று ரங்கராஜன் எழுந்தார்.

"பின் அறையில. நானே வைக்கிறன். நீர் பிழையா அடுக்கிப்போடுவீர்."

அலுமாரிக் கதவு திறந்தது. ரங்கராஜன் பல கிடங்குகளைப் பார்த்தவர். இவ்வளவு ஒழுங்கான கிடங்கைக் கண்டதில்லை. மேல்தட்டிலிருந்து கீழ்த்தட்டுவரை பெட்டிகள். பழையவை முன்னுக்கு, புதியவை பின்னுக்கு. பெரிய பெட்டிக்கு மேல் சின்னது. ஒன்றுகூடத் திறக்கப்படவில்லை. ஒரு மூலையில் காதுச் சொட்டுப் போத்தல்கள் பள்ளிக்கூடப் பிள்ளைகள்போல வரிசையில் நின்றன.

"பிரஷர் மாத்திரை?" ரங்கராஜனின் குரல் மாறிவிட்டது. "இதை நீங்க சாப்பிடுறதே இல்லையா?"

"தலையிடிச்சா ஒண்டு போடுவன். எல்லாத்தையும் இப்பவே முடிச்சா நாளைக்கு என்ன செய்யிறது? இவங்கள் எந்த நேரமும் நிப்பாட்டுவாங்கள்."

"தேவையில்லாததை ஏன் ஐயா வாங்குறீங்க? காதுக்குக்கூட?"

"ரெண்டு வருசத்துக்கு முந்தி ஒருக்காக் காது அடைச்சது. அப்ப எழுதினது. பேர் துண்டில இருக்கு. இருக்கிற பேரை விடலாமோ?" கிழவர் ரங்கராஜனைப் பரிதாபமாகப் பார்த்தார். "நீங்கள் இந்தியாக்காரர், உங்களுக்கு விளங்காது. எங்களுக்குச் சங்கக்கடையில கூப்பன். இந்தக் கிழமை அரிசி எடுக்காட்டில் இந்தக் கிழமை போச்சு. அடுத்த கிழமை சேத்துத் தாங்கோ எண்டா சிரிப்பாங்கள். எடுக்காதவனுக்குத் தேவையில்லை எண்டு கூப்பனையே வெட்டிப்போடுவாங்கள். இதுவும் அப்பிடித்தான்."

செல்வமலர் ரங்கராஜனின் முழங்கையைத் தொட்டாள். "சேர், சந்திரா தப்பிட்டா" என்றாள். களவு இல்லை. கூட்டாளி இல்லை. ஒரு பெட்டியும் வாசற்படி தாண்டவில்லை.

ரங்கராஜன் மட்டும் அசையவில்லை. "இங்கேயும் அப்படித்தான்னு நீங்களா நினைச்சுக்கிட்டீங்களா, இல்லை யாராவது சொன்னாங்களா?"

"நான் ஏன் நினைக்கவேணும்?" சவிரிமுத்தர் கதவைச் சாத்தினார். "சந்திராப் பிள்ளைதான் சொன்னது. ஐயா, ஒரு மாதமும் விடாதேங்கோ, எல்லாத்துக்கும் சரி போடுங்கோ, விட்டா வெட்டிப்போடுவாங்கள் எண்டு. தங்கமான பிள்ளை. எனக்கு மட்டுமில்லை, எங்கட ஆக்கள் எல்லாருக்கும் சொன்னது."

ஒரே வாய் அவளைக் காப்பாற்றிவிட்டு, மூச்சு விடுவதற்குள் பிடித்தும் கொடுத்துவிட்டது. சவிரிமுத்தரின் கையில் அன்று எடுத்த புதுப் பிரஷர் மாத்திரைப் பெட்டி மட்டும் இருந்தது, மற்றவற்றைவிடப் பளபளப்பாக. "டொக்டர் நேற்று ஏசிப்போட்டார். அதாலை இண்டைக்கு இரவுச் சாப்பாட்டோட இதைத் தொடங்கப் போறன். அவற்ற மனமும் குளிரட்டும்."

"ஐயா, அதைத் தொடாதீங்க" என்றார் ரங்கராஜன். "நீங்க எல்லாத்தையும் விழுங்குறீங்கன்னு நினைச்சுத்தான் அவர் ஏத்திக்கிட்டே போயிருக்கார். பழக்கமில்லாத உடம்பு இது. ஒரேயடியா இதைப் போட்டா விழுந்துடுவீங்க."

சவிரிமுத்தரின் கண்கள் ஒடுங்கின. "நீர் டொக்டரோ?"

"இல்லை."

"அப்ப தேத்தண்ணியைக் குடிச்சிட்டுப் போம்."

காருக்குள் ஏறியதும் செல்வமலர் சாவியைத் திருகாமல் இருந்தாள். "பாதியைச் சொல்லுங்கோ சேர். களவில்லை எண்டது ஒரு பாதி. அதோட நிப்பாட்டுங்கோ. மற்றதைச் சொன்னா அந்த மனுசன் அவவை இண்டைக்கே அனுப்பிப்போடுவார்."

"இன்சூரன்ஸ்ல பாதி உண்மைக்கு ஒரு பேர் உண்டு."

"என்ன பேர்?"

"கிளெய்ம். வண்டியை எடுங்க."

டாக்டர் நரசிம்மன் தன் அறையில் சந்திரவதனாவை நிற்க வைத்திருந்தார். சேர்ஜரியின் சாவிக்கொத்து மேசைமேல் கிடந்தது. கேட்டு வாங்கினாரா, அவளாக வைத்தாளா என்பது பற்றித் தெருவில் இரண்டு அபிப்பிராயம் இருக்கிறது.

"கண்டுபிடிச்சீங்களா? மருந்தெல்லாம் எங்க போகுது?"

"எங்கேயும் போகலை டாக்டர்" என்றார் ரங்கராஜன். "ஹவுன்ஸ்லோவுக்கு இல்லை, கொழும்புக்கு இல்லை. நோயாளியோட வாய்க்குள்ளகூடப் போகலை. அலமாரியில இருக்கு." அவர் சங்கக்கடைக் கதையைச் சொன்னார். கூப்பனைச் சொன்னார். காதுப் போத்தல்களின் வரிசையைச் சொன்னார். பிறகு செல்வமலரின் முகத்தைப் பார்த்துவிட்டு அங்கேயே நிறுத்தினார்.

டாக்டரின் தோள் இறங்கியது. "அப்போ களவு இல்லை. சரி, சந்திரா, நீங்க போகலாம். சாவியை எடுத்துக்குங்க."

சந்திரவதனா சாவியை எடுக்கவில்லை.

"விட்டா வெட்டிப்போடுவாங்கள் எண்டு அவருக்குச் சொன்னது நான்தான் டொக்டர்."

ரங்கராஜன் தரையைப் பார்த்தார்.

"முந்தி நாங்கள் வேற பக்கத்தில இருந்தனாங்கள், வேற டொக்டர். ஒரு கோடை மகளுக்கு நெஞ்சு நல்லா இருந்தது. மூச்சுக்கு அடிக்கிற பம்ப் கேக்காமல் விட்டன். குளிர் தொடங்கக் கேக்கப் போனா, பேர் பட்டியலில இல்லை, டொக்டரைப் பாக்கவேணும், அடுத்த கிழமை வாங்கோ எண்டிச்சினம். அடுத்த கிழமைக்கிடையில பிள்ளையை அம்புலன்ஸில கொண்டு போனது. இங்க வேலைக்கு வந்தபிறகு, ஜன்னலுக்கு வாற எங்கட ஆக்கள் எல்லாருக்கும் சொன்னன். வேணுமோ வேண்டாமோ, விடாதேங்கோ எண்டு."

"என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே."

"கேக்கத்தான் நினைச்சன்" என்றாள் அவள். "நீங்கள் கையெழுத்து வைக்கேக்க தலை நிமிர்த்தினதில்லை."

செல்வமலர் இருமினாள். அது இருமலா என்பது சந்தேகம்தான்.

டாக்டர் ஏதோ சொல்ல வாயெடுத்தார். அதற்குள் அவருக்கு வேறொன்று உறைத்தது. முகம் வெளுத்தது. "சாப்பிடவே இல்லைன்னா... நேத்து நான் எழுதின டோஸ்..."

"இரவுச் சாப்பாட்டோட" என்றார் ரங்கராஜன். "நான் சொன்னேன். கேக்கலை."

டாக்டர் டெலிபோனை இழுத்தார். மறுமுனையில் எடுத்ததும், "சவிரிமுத்து சார், டாக்டர் பேசறேன். அந்தப் புது மாத்திரையைச் சாப்பிடாதீங்க" என்றார்.

கிழவரின் குரல் அறை முழுக்கக் கேட்டது. "ஆர், காலமை வந்த இன்சூரன்ஸ்காரனோ? டொக்டர் மாதிரிக் கதைச்சு என்ர குளிசையை வெட்டப் பாக்கிறீர். நேற்று டொக்டர் தன்ர வாயால போடு எண்டவர். உம்மட இந்தியத் தமிழை வேற ஆருக்கும் காட்டும்." டொக்கென்று போனை வைத்துவிட்டார்.

டாக்டர் மறுபடி சுழற்றினார். மணி அடித்துக்கொண்டே இருந்தது. மூன்றாம் தடவையும் அப்படியே. ஊரெல்லாம் அவர் கையெழுத்தில் மருந்து வாங்குகிறது. அவர் குரலை நம்பத்தான் ஒருவரும் இல்லை.

சந்திரவதனா கையை நீட்டினாள். டாக்டர் ரிசீவரைக் கொடுத்தார். அவள் விடாமல் அடிக்கவிட்டாள். கடைசியில் யாரோ எடுத்தார்கள், ஏசிக்கொண்டே.

"ஐயா, நான் சந்திரா."

ஏச்சு நின்றது.

"மத்தியானச் சாப்பாடு முடிஞ்சுதோ?... நல்லது. அந்தப் புதுப் பெட்டியைத் திறக்காதேங்கோ. டொக்டர் இண்டைக்கே உங்களைப் பாக்க வீட்டை வருவார். அவர் வரும்வரைக்கும் ஒண்டும் போடாதேங்கோ... இல்லை ஐயா, வெட்டமாட்டினம். நான் அப்பிடிச் சொன்னது பிழை. எனக்குத் தெரியாமல் சொல்லிப்போட்டன்."

நீண்ட நேரம் அவள் கேட்டுக்கொண்டிருந்தாள். பிறகு, "ஓம் ஐயா" என்று வைத்தாள். "பெட்டியை மகளிட்டைக் குடுத்து வைக்கிறாராம். நான் சொன்னபடியால்தானாம்."

டாக்டர் நாற்காலியில் சாய்ந்தார். இப்படி எத்தனை அலுமாரி, எத்தனை வீடு என்று அவர் மனதுக்குள் தெருத் தெருவாக நடந்திருக்க வேண்டும். அத்தனை வாசலிலும் நின்று அவரால் கத்த முடியும். ஒரு கதவும் திறக்காது. பிழையான வார்த்தையைச் சொன்னவள்தான் அதைத் திருப்பி எடுக்கவும் முடியும்.

அவர் சாவிக்கொத்தை மேசைமேல் தள்ளினார். "நாளைக்கு அந்தக் கோட்டுக்காரர்கிட்ட நான் பேசிக்கிறேன். கையெழுத்துப் போட்டது நான்தானே. நீங்க ஜன்னலைத் திறங்க. இனிமே சீட்டுகளைக் கொண்டு வந்தா என் பக்கத்துலயே நில்லுங்க. தலை நிமிர்றேன்."

சந்திரவதனா சாவியை எடுத்துக்கொண்டு போனாள்.

வெளியே வரிசை வாசல்வரை நின்றது. எல்லாக் காதுகளும் அந்த அறைப் பக்கமாகத் திரும்பியிருந்தன. அவள் கள்ளியா இல்லையா என்று தெரியாமல் எவரும் வீட்டுக்குப் போகிற எண்ணத்தில் இல்லை. சந்திரவதனா ஜன்னலைத் தள்ளித் திறந்து வரிசையை ஒருமுறை பார்த்தாள். நடுவில் நின்ற, தெருச் செய்தியைத் தபாலைவிட வேகமாகக் கொண்டுபோகும் அருமைநாயகியைக் கைகாட்டி முன்னுக்கு அழைத்தாள். அருமைநாயகி நீட்டிய துண்டில் ஒரு பெயர்கூடத் தப்பாமல் எல்லாவற்றுக்கும் சரி போட்டிருந்தது.

சந்திரவதனா அதைத் திருப்பிக் கொடுத்தாள். "அக்கா, வீட்டை போய் அலுமாரியைத் திறந்து பாருங்கோ. முடிஞ்சதுக்கு மட்டும் சரி போட்டுக்கொண்டு வாங்கோ."

அருமைநாயகி ஜன்னலுக்குள் தலையை நீட்டினாள். "ஏன் பிள்ளை? டொக்டர் வெட்டத் தொடங்கிட்டாரோ?"

"ஒருத்தரும் வெட்டேல்லை. வெட்டவும் மாட்டினம். முந்தி நான் உங்களுக்குச் சொன்னது பிழை."

"ஆருக்கும் சொல்லலாமோ இதை?"

"வேண்டாம் அக்கா" என்றாள் சந்திரவதனா. "உங்களோட இருக்கட்டும்."

அருமைநாயகி துண்டைக் கைப்பைக்குள் வைத்துக்கொண்டு, ஓட்டமும் நடையுமாக வாசலைத் தாண்டினாள். அந்த மாதம் சேர்ஜரியின் வாசல் பெட்டி பாதிகூட நிரம்பவில்லை.